ஏலத்தில் எடுத்த பெட்டிக்குள் என்ன இருக்கும்?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் ஆறு மாதம் கழித்து என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "சார், ஏலத்தில் பழைய கம்ப்யூட்டர், போன் எல்லாம் அடிமாட்டு விலைக்குக் கிடைக்குமாமே, இன்டர்நெட்டிலேயே கேட்டு எடுத்து விற்கலாமா?" விற்கலாம். நானும் ஒரு முறை எடுத்து விற்றிருக்கிறேன். லாபமும் வந்தது. ஆனால் அந்த லாபக் கணக்கை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்தினால் பாதிக் கதைதான் சொன்னதாகும்.

முதலில் இந்தத் தொழில் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம்.

அமெரிக்காவில் வீட்டில் வைக்க இடமில்லாத சாமான்களை வைத்துக்கொள்ள, ஷட்டர் போட்ட சின்னச் சின்ன அறைகளை மாத வாடகைக்கு விடுகிறார்கள். வாடகை பாக்கி விழுந்தால், அந்தந்த மாநிலச் சட்டப்படி நோட்டீஸ் கொடுத்து, உள்ளே இருப்பதை ஏலம் விடலாம். பூட்டை அறுத்து ஷட்டரைத் தூக்குவார்கள். ஏலம் கேட்பவர்கள் வாசலில் நின்று எட்டிப் பார்க்கலாம். உள்ளே கால் வைக்கவோ பெட்டியைத் திறக்கவோ கூடாது. சில நிமிடம்தான். பிறகு ஒரு தரம், இரண்டு தரம்! 2010ல் இதை வைத்தே 'ஸ்டோரேஜ் வார்ஸ்' என்று ஒரு டி.வி. தொடர் தொடங்கியது. பிறகு ஏலமே இன்டர்நெட்டுக்கு வந்துவிட்டது.

இதில் மோகம் ஏன் என்றால், புதையல் கதைகள்தான். ஜேம்ஸ் பாண்ட் படம் ஒன்றில் தண்ணீருக்குள் ஓடும் கார் வருமே, அந்த லோட்டஸ் கார் 1989ல் இப்படி ஓர் அமெரிக்கப் பெட்டக ஏலத்தில் 100 டாலருக்குப் போனது. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமலேதான் எடுத்தார்கள். 2013ல் லண்டன் ஏலத்தில் அதே கார் 6 லட்சம் பவுண்டுக்கு மேல் போயிற்று. வாங்கியவர் ஈலோன் மஸ்க். இந்த ஒரு கதையைக் கேட்டுவிட்டு ஆயிரம் பேர் பழைய மெத்தைகளை ஏலத்தில் எடுத்திருப்பார்கள் என்பது என் ஊகம்.

நம் ஊரில்?

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கத்து ஆட்களுக்கு 'லாட்' என்ற வார்த்தையைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. வெளிநாட்டு ஆர்டர் ரத்தாகி நின்றுபோன பனியன்களை மொத்தமாக எடுத்து, பிரித்து, தரம் பார்த்து விற்கும் வேலை திருப்பூர் காதர்பேட்டையில் காலங்காலமாக நடப்பதுதான். ஈரோடு மஞ்சள் ஏலத்தில் விரலியை உடைத்துப் பார்க்காமல் யாரும் விலை எழுத மாட்டார்கள். அமெரிக்காக்காரர்கள் வாசலில் நின்று எட்டிப் பார்ப்பதை நம் மஞ்சள் வியாபாரி கேட்டால் சிரிப்பார்.

கேட்பாரற்ற சரக்கு என்று பார்த்தால், நமக்கு முக்கியமானது சுங்கத்துறை ஏலம். வெளிநாட்டிலிருந்து வந்து இறங்கிய சரக்கை 30 நாளுக்குள் எடுக்காவிட்டால், 1962ஆம் ஆண்டு சுங்கச் சட்டத்தின் 48ஆவது பிரிவின்படி, இறக்குமதி செய்தவருக்கு நோட்டீஸ் கொடுத்து, அதிகாரியின் அனுமதியோடு விற்கலாம். விற்ற பணத்தில் முதலில் ஏலச் செலவு, அடுத்து சரக்குக் கட்டணம், பிறகு வரி, அதற்குப் பிறகு கிடங்கு வாடகை. மிச்சம் இருந்தால் சொந்தக்காரருக்கு. மிச்சம் இருப்பது அபூர்வம் என்பது வேறு விஷயம்.

விட்டுப்போன சரக்கு என்றால் சும்மா தூசி படிந்து கிடக்கும் என்று நினைக்காதீர்கள். 2015ல் கரூர் நிறுவனம் ஒன்று இறக்குமதி செய்த அம்மோனியம் நைட்ரேட்டைச் சுங்கத்துறை பறிமுதல் செய்தது. சுமார் 700 டன், 37 கன்டெய்னர். சென்னை மணலியில் ஒரு சரக்கு நிலையத்தில் ஐந்து வருடம் அப்படியே கிடந்தது. 2020 ஆகஸ்ட் 4ஆம் தேதி பெய்ரூட் துறைமுகத்தில் அதே ரசாயனம் வெடித்து ஊரே சிதறிய பிறகுதான் எல்லோருக்கும் இதன் ஞாபகம் வந்தது. இ-ஏலத்தில் ஹைதராபாத் நிறுவனம் எடுத்து, அந்த மாதமே கன்டெய்னர்கள் கிளம்பின. இன்னொரு உதாரணம் பெருந்துறை. 2012ல் ஈமு நிறுவனங்கள் படுத்தபோது, விட்டுப்போன பறவைகளுக்குத் தீவனம் போடும் செலவு அரசின் தலையில் விழுந்தது. தீனி தின்னும் லாட்!

இன்று இந்த ஏலங்களில் பெரும்பாலானவை இன்டர்நெட்டில்தான் நடக்கின்றன. 1964ல் தொடங்கிய மத்திய அரசு நிறுவனமான எம்.எஸ்.டி.சி. வழியாகச் சுங்கத்துறை, ரயில்வே, பொதுத்துறை ஆலைகள் என்று பல இடத்துச் சரக்கும் ஏலத்துக்கு வருகிறது. வங்கிகள் ஜப்தி செய்த சொத்துகளுக்கு 2025 ஜனவரியில் 'பேங்க்நெட்' என்ற பொதுத் தளம் வந்திருக்கிறது. வீட்டில் உட்கார்ந்து உங்கள் கம்ப்யூட்டரிலேயே பட்டியலைப் பார்க்கலாம். பார்ப்பதற்குக் காசு இல்லை. பழகுவதற்காகவாவது ஒரு முறை பட்டியலைத் திறந்து பாருங்கள், சுவாரஸ்யமாக இருக்கும்.

பங்கெடுப்பது வேறு. முதலில் பான், வங்கி விவரம் கொடுத்துப் பதிவு செய்ய வேண்டும். சில ஏலங்களுக்கு டிஜிட்டல் கையொப்பமும் கேட்பார்கள். அடுத்து முன்வைப்புத் தொகை. லாட் எண், சரக்கு இருக்கும் இடம், நேரில் போய்ப் பார்க்கும் தேதி எல்லாம் பட்டியலில் இருக்கும். அதில் 'உள்ளது உள்ளபடி, உள்ள இடத்தில்' என்ற ஒரு வரி வரும். இந்த ஒரு வரிதான் உங்கள் தலையெழுத்து. எடுத்த பிறகு உடைந்திருந்தது, குறைந்திருந்தது, வேலை செய்யவில்லை என்று எதையும் சொல்ல முடியாது. கடைசி நிமிடத்தில் யாராவது விலை கேட்டால் முடியும் நேரம் தானாகவே சில நிமிடம் தள்ளிப் போகும். எனவே கடைசி நொடியில் 'என்டர்' தட்டி ஜெயிக்கும் வித்தை இங்கே பலிக்காது. அதிக விலை கேட்டாலும் விற்பவர் ஒப்புக்கொண்டால்தான் உங்களுக்கு. விலைக்கு மேல் ஜி.எஸ்.டி. தனி. குறித்த நாளுக்குள் எடுக்காவிட்டால் தினப்படி தரை வாடகை.

இன்னொன்று. சுங்கத்துறையில் பிடித்த லேப்டாப், ஐபோன் பாதி விலைக்கு என்று வாட்ஸ்அப்பில் வரும் லிங்க்கை க்ளிக் செய்யாதீர்கள். சுங்க அதிகாரி உங்கள் வாட்ஸ்அப்புக்கு வந்து பேரம் பேச மாட்டார்.

என் லாட்

இனி என் கதை. 2007ஆம் வருடம். நான் ஒரு மில் அலுவலகத்தில் கணக்கு எழுதிக்கொண்டு, மாலையில் தெரிந்தவர்களுக்குக் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து கொடுத்துக்கொண்டிருந்தேன். அவிநாசி ரோட்டுப் பக்கம் ஒரு கட்டடத்தின் மாடியில் கம்ப்யூட்டர் பயிற்சி மையம் ஒன்று இருந்தது. நடத்தியவர் வாடகை பாக்கி வைத்துவிட்டு ஒரு நாள் ஷட்டரை இழுத்து மூடிவிட்டுப் போனவர்தான், திரும்பி வரவில்லை. கட்டடக்காரர் கோர்ட்டுக்குப் போய், தீர்ப்பு வாங்கி, உள்ளே இருந்த சாமான்கள் ஜப்தியாகி, அமீனா ஏலத்துக்கு வந்தது. நம் ஊரில் ஸ்டோரேஜ் ஏலத்துக்கு மிக நெருங்கிய சொந்தம் இந்த அமீனா ஏலம்தான்.

(தெரிந்துகொள்ளுங்கள்: ஜப்தி என்றால் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போவதல்ல. சமையல் பாத்திரம், உடுத்தும் துணி, படுக்கை, தொழிலாளியின் கருவிகள் ஆகியவற்றைத் தொடக் கூடாது என்று சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60ஆவது பிரிவு சொல்கிறது.)

பழைய இரும்புக் கடை வைத்திருக்கும் ஓர் அண்ணனோடு போனேன். உக்கடத்தில் பல வருடம் தராசு பிடித்த கை. ஏலம் கேட்பதில் அவர் எனக்குச் சொன்ன முதல் பாடம் இதுதான்: "தம்பி, நீ ஓடுமா ஓடாதான்னு பாக்கற. நான் எடைக்குப் போட்டா என்ன வரும்னு பாக்கறேன். எடைக்கு வர்ற காசுக்கு மேல நீ கேக்கறதெல்லாம் சூதாட்டம்." அன்றிலிருந்து இன்றுவரை எந்தப் பழைய சாமானைப் பார்த்தாலும் நான் முதலில் எடைக் கணக்குத்தான் போடுகிறேன்.

கரண்ட் கனெக்ஷன் துண்டிக்கப்பட்டிருந்ததால் எதையும் ஆன் செய்து பார்க்க முடியவில்லை. அமீனா அனுமதியோடு ஸ்க்ரூ டிரைவரால் பக்கவாட்டுத் தகடுகளைக் கழற்றிப் பார்த்தேன். ஆறு சி.பி.யு.வில் தூசி ஒரே சீராகப் படிந்திருந்தது. மூன்றில் தூசியின் மேல் விரல் தடம். டார்ச் அடித்துப் பார்த்தால் ரேம் இல்லை! யாரோ முன்பே கைவைத்திருக்கிறார்கள். மதர்போர்டில் கெப்பாசிட்டர்கள் தலை உப்பி இருக்கின்றனவா என்றும் பார்த்தேன். அந்தக் கால போர்டுகளில் அது பெரிய வியாதி. ஆக, ஒன்பதில் ஆறு தேறும் என்று கணக்குப் போட்டேன்.

லாட்டில் இருந்தவை: பென்டியம் 3 சி.பி.யு. ஒன்பது, மானிட்டர் எட்டு, டாட் மேட்ரிக்ஸ் பிரின்டர் ஒன்று, யு.பி.எஸ். ஒன்றும் அதன் செத்த பேட்டரிகளும், பிளாஸ்டிக் நாற்காலி பத்து, இரும்பு பீரோ ஒன்று. அமீனா வாசித்த பட்டியலில் பீரோவுக்குப் பக்கத்தில் 'பழைய காகிதங்களுடன்' என்று இருந்தது. அதை யாரும் காதில் வாங்கவில்லை. நானும்தான்.

ஐந்து பேர் கேட்டோம். 14,200 ரூபாய்க்கு என் தலையில் விழுந்தது. பணத்தை அங்கேயே எண்ணி வைக்க வேண்டும். குட்டியானை வண்டியும் ஏற்று, இறக்குக் கூலியும் 900. எஸ்.எம்.பி.எஸ். இரண்டு மாற்றியது 900. ஒன்பது பயாஸ் பேட்டரி 180. கீபோர்டு, மவுஸ் ஆறு ஜோடி 2,100. மொத்தச் செலவு 18,280.

வரவு: ஓடுகிற செட் ஆறு, ஒன்று 3,500 வீதம் 21,000. பிரின்டர் ஒரு லாரி புக்கிங் ஆபீஸுக்கு 1,500. பேட்டரிகள் ஈயத்துக்காக 1,200. நாற்காலிகள் 1,000. மீதி மூன்று சி.பி.யு. உதிரியாக 900. ஆக 25,600. லாபம் 7,320 ரூபாய். மூன்று மாதத்து மாலை நேரத்துக்கு அது கூலி. இரண்டு மானிட்டர் கடைசிவரை எரியவில்லை. அவற்றைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

மூன்று மாதம் ஏன் ஆயிற்று? பத்து நாளில் விற்றிருக்கலாம். பீரோதான் காரணம்.

பீரோவுக்குள்

வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று இரவே, ஆர்வக்கோளாறில் ஒவ்வொரு ஹார்ட் டிஸ்க்காக வின்டோஸ் 98 பூட் ஃப்ளாப்பி போட்டு 'ஃபார்மட் சி' கொடுத்துவிட்டேன். வாங்குகிறவருக்குச் சுத்தமாகக் கொடுக்க வேண்டுமே! மறுநாள் ஞாயிறு. பீரோவைக் கழுவலாம் என்று காகிதங்களை அள்ளினேன். பழைய கேள்வித்தாள், நோட்டீஸ், ரசீது புத்தகம். அடித்தட்டில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல். உள்ளே பிளஸ் டூ மதிப்பெண் சான்றிதழ்கள். ஜெராக்ஸ் இல்லை, ஒரிஜினல். இருபத்து மூன்று பேருடையவை. சிலவற்றோடு மாற்றுச் சான்றிதழும் சேர்த்துப் பின் அடித்திருந்தது.

ரசீது புத்தகத்தைப் புரட்டியதும் புரிந்தது. ஆறு மாதக் கோர்ஸ், தவணையில் கட்டணம். கடைசித் தவணை கட்டும்வரை ஒரிஜினலைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். மையம் மூடியபோது இவை பீரோவோடு உள்ளே மாட்டிக்கொண்டன. சூலூர், பல்லடம், அன்னூர், காங்கேயம், பொள்ளாச்சி என்று பள்ளிகளின் பெயர் இருந்தது. மாணவர் பெயர் இருந்தது. முகவரி ஒன்றில்கூட இல்லை.

முகவரி எங்கே இருக்கும்? ஆபீஸ் கம்ப்யூட்டரில் இருக்கும். அதைத்தான் முந்தின இரவு ஃபார்மட் செய்திருந்தேன்.

இங்கே புதியவர்களுக்கு ஒரு விளக்கம். ஒரு புத்தகத்தில் பொருளடக்கப் பக்கத்தைக் கிழித்துவிட்டால் உள்ளே இருக்கும் பக்கங்கள் போய்விடுமா? அந்தக் காலத்து ஃபார்மட் செய்தது அவ்வளவுதான். எந்த ஃபைல் எங்கே என்ற அட்டவணை அழியும். ஃபைலின் எழுத்துகள் டிஸ்க்கில் அப்படியே கிடக்கும், அதே இடத்தில் வேறு ஏதாவது எழுதும்வரை. நல்லவேளை, வின்டோஸை மறுபடி இன்ஸ்டால் செய்யத் தூக்கம் விடவில்லை. செய்திருந்தால் பல நூறு எம்.பி. அந்த இடத்தின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும்.

எல்லா டிஸ்க்கையும் கழற்றி, மேலே எண் எழுதி, ஜம்பரை 'ஸ்லேவ்' நிலைக்கு மாற்றி, ஒவ்வொன்றாக என் சொந்தக் கம்ப்யூட்டரில் இரண்டாவது டிஸ்க்காக மாட்டினேன். ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளை ஓட்டினேன். இன்றும் அது கிடைக்கிறது. பெயர்தான் 'ஃபோட்டோ', மற்ற ஃபைல்களையும் தேடும். அட்டவணையைப் பார்க்காமல் டிஸ்க்கை முதலிலிருந்து கடைசிவரை துழாவி, இது படம், இது டாகுமென்ட் என்று உருவத்தை வைத்தே கண்டுபிடிக்கும். ஒரே ஒரு விதி: மீட்ட ஃபைலை அதே டிஸ்க்கில் சேமிக்கக் கூடாது. சேமித்தால் நீங்கள் தேடுவதன் மேலேயே நீங்கள் எழுதிவிடுவீர்கள். உங்கள் பென் டிரைவில் போட்டோ அழிந்துபோனாலும் இதே விதிதான். உடனே நிறுத்துங்கள், அதில் எதையும் புதிதாகப் போடாதீர்கள்.

பெயர்கள் எல்லாம் போய், வெறும் எண்களாக ஆயிரக்கணக்கில் ஃபைல்கள் வந்தன. பாதி உடைந்தவை. மாணவர்கள் டைப் அடித்துப் பழகிய பயோடேட்டாக்கள், கல்யாணப் பத்திரிகை மாதிரிகள், ஒருவர் வீட்டுக்கு எழுதிய கடிதம். அதைப் படிக்கத் தொடங்கி, பாதியில் மூடினேன். நான்காம் நாள், மூன்றாம் எண் டிஸ்க்கில் ஒரு ஃபாக்ஸ்ப்ரோ ஃபைல் முழுதாகக் கிடைத்தது. எக்ஸெல்லில் திறந்தால் பெயர், அப்பா பெயர், ஊர், கட்டிய தொகை, பாக்கி! இருபத்து மூன்றில் பத்தொன்பது பேருக்கு முகவரி கிடைத்துவிட்டது.

ஐம்பது பைசா போஸ்ட் கார்டு பத்தொன்பது வாங்கினேன். சான்றிதழை நேராகத் தபாலில் அனுப்பத் தைரியம் வரவில்லை; பழைய முகவரியில் வேறு யாராவது இருந்தால்? 'உங்கள் சான்றிதழ் என்னிடம் உள்ளது, அடையாளம் காட்டி வாங்கிக்கொள்ளவும்' என்று மட்டும் எழுதினேன்.

முதலில் வந்தவர்கள் காங்கேயம் பக்கத்து ஓர் ஊரிலிருந்து அப்பாவும் மகளும். டி.வி.எஸ். வண்டியில் வந்திருந்தார்கள். அந்தப் பெண் ஒரு வேலைக்கு மனுப் போட்டு, ஒரிஜினல் இல்லாததால் திரும்பி வந்திருக்கிறாள். தொலைந்துபோனது என்று எழுதிக் கொடுத்து நகல் வாங்க அலைந்துகொண்டிருந்தார்களாம். நான் ஃபைலை எடுத்துக்கொண்டு வந்தபோது அந்த அப்பா உட்காரவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தார்.

"ஏனுங் தம்பி, பாக்கி ஆயிரத்து ஐநூறுங். வட்டி ஏதாச்சும் போட்டிருந்தாச் சொல்லுங், அடுத்த வாரம் கொண்டாறேனுங்."

எனக்கு ஒரு நிமிடம் என்ன சொல்கிறார் என்றே விளங்கவில்லை. மையத்தை நான் ஏலத்தில் எடுத்துவிட்டேன், ஆகவே கடனும் இனி என்னுடையது என்று நினைத்திருக்கிறார். யோசித்துப் பாருங்கள், வேறொருவர் கையில் அந்த ஃபைல் போயிருந்தால் இருபத்து மூன்று பேரிடமும் வசூல் செய்திருக்கலாம். பாக்கிப் பட்டியல் அச்சடித்தது போல் கையில் இருக்கிறது. சான்றிதழும் கையில் இருக்கிறது. மொத்த லாட்டின் விலையைவிடப் பெரிய தொகை.

"பணம் வேண்டாங்க, இதை வாங்கிட்டேன்னு ஒரு கையெழுத்துப் போட்டா போதும்" என்றேன். அவர் நம்பாமல் மகளைப் பார்த்தார். அந்தப் பெண் சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பின் அடித்த இடத்தில் துரு ஏறியிருப்பதைத் துப்பட்டாவால் துடைத்துக்கொண்டிருந்தாள். காபி குடித்துவிட்டுப் போனார்கள்.

யாருடையது?

ஏலத்தில் எடுத்தால் பெட்டி உங்களுடையது. பெட்டிக்குள் இருப்பதெல்லாம் உங்களுடையதா? அமெரிக்க ஸ்டோரேஜ் ஏலங்களில் குடும்பப் போட்டோ, சான்றிதழ், அடையாள அட்டை போன்றவை கிடைத்தால் கிடங்கு அலுவலகத்தில் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்பது வழக்கமான நிபந்தனை. நம் பட்டியல்களில் இப்படி ஒரு வரியை நான் பார்த்ததில்லை.

இதில் பெயர்பெற்ற வழக்கு விவியன் மேயர் என்ற பெண்மணியுடையது. சிகாகோவில் வீடுகளில் குழந்தை பார்த்துக்கொண்டே வாழ்நாள் முழுக்கத் தெருக்களைப் போட்டோ எடுத்தவர். வாடகை கட்ட முடியாமல் அவருடைய பெட்டகம் 2007ல், அதாவது நான் அமீனா ஏலத்தில் நின்ற அதே வருடம், ஏலத்துக்குப் போனது. ஜான் மலூஃப் என்ற இளைஞர் சுமார் 400 டாலருக்கு ஒரு பெட்டி நெகடிவ் வாங்கினார். எடுத்தவர் யார் என்று தெரியவில்லை. 2009ல் ஓர் உறையின் மேல் பெயரைப் பார்த்து இன்டர்நெட்டில் தேடினால், சில நாட்களுக்கு முன் அவர் இறந்துவிட்டார் என்ற அறிவிப்பு வந்தது. படங்கள் உலகப் புகழ் பெற்றன. ஆனால் நெகடிவ் வாங்கியதால் அதைப் பிரதி எடுத்து விற்கும் உரிமையும் வந்துவிடுமா என்று 2014ல் கோர்ட்டில் கேள்வி எழுந்து, 2016ல்தான் ஓர் உடன்பாடு ஏற்பட்டது.

நெகடிவுக்கே இப்படி என்றால், ஹார்ட் டிஸ்க்? அமெரிக்காவில் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த இரண்டு மாணவர்கள் 2000 முதல் 2002 வரை பழைய டிஸ்க் 158 வாங்கிப் பார்த்தார்கள். 129 வேலை செய்தன. அவற்றில் சரியாக அழிக்கப்பட்டிருந்தவை வெறும் 12. மற்றவற்றில் மருத்துவ விவரம், காதல் கடிதம், ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட கிரெடிட் கார்டு எண்கள். விற்றவர்களில் பலர் என்னைப் போலவே 'ஃபார்மட் செய்தாயிற்று' என்று நம்பியவர்களாக இருந்திருக்கலாம்.

ஆகவே, கம்ப்யூட்டரை விற்கும் நாள் உங்களுக்கும் வரும் என்பதால் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். வின்டோஸ் 10, 11ல் செட்டிங்ஸ் போய் 'ரீசெட் திஸ் பிசி' எடுத்து, 'ரிமூவ் எவ்ரிதிங்' கொடுங்கள். அதோடு நிறுத்தாதீர்கள். 'சேஞ்ச் செட்டிங்ஸ்' உள்ளே 'க்ளீன் டேட்டா' என்று ஒன்று இருக்கும். அதையும் ஆன் செய்ய வேண்டும். பல மணி நேரம் ஆகும், ஆகட்டும். தனி ஹார்ட் டிஸ்க் என்றால் ஃபார்மட் செய்யும்போது 'க்விக் ஃபார்மட்' டிக்கை எடுத்துவிடுங்கள். வின்டோஸ் விஸ்டாவிலிருந்து முழு ஃபார்மட் என்பது டிஸ்க் முழுக்கப் பூஜ்யம் எழுதிவிடுகிறது. எக்ஸ்.பி.யிலோ 98லோ அப்படி இல்லை. எஸ்.எஸ்.டி.க்கு மேலே எழுதும் முறை முழுதாக நம்பத்தக்கதல்ல. தயாரித்த நிறுவனம் தரும் அழிப்பு மென்பொருளைப் பயன்படுத்துங்கள்.

இனி மீதிக் கதை. பதினான்கு பேர் நேரில் வந்தார்கள். மூன்று பேர் வெளியூரில் இருந்ததால் கடிதம் எழுதிக் கேட்டார்கள். பதிவுத் தபாலில் அனுப்பினேன். இரண்டு கார்டு 'விலாசதாரர் இல்லை' என்று திரும்பி வந்தன. அந்த இரண்டையும் முகவரி இல்லாத நான்கையும் எடுத்துக்கொண்டு, லீவு போட்டுப் பள்ளிக்கூடங்களுக்குப் போனேன். ஐந்து தலைமையாசிரியர்கள் பெயரைப் பதிவேட்டில் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டார்கள். ஒரு பள்ளி மூடிக் கிடந்தது. அந்த ஒன்றை மாவட்டக் கல்வி அலுவலகத்தில் கொடுத்துக் கையெழுத்து வாங்கினேன். இதெல்லாம் முடியும்வரை எந்த டிஸ்க்கையும் அழிக்க மனம் வரவில்லை. அதனால்தான் விற்க மூன்று மாதம்.

எரியாத அந்த இரண்டு மானிட்டர்? பழைய குழாய் மானிட்டர் கண்ணாடியில் ஈயம் உண்டு, உள்ளே ஆபத்தான மின்சாரமும் தங்கியிருக்கலாம். வீட்டில் உடைக்கவே கூடாது. அப்போது யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் மொட்டை மாடியில் தார்ப்பாய் போட்டு வைத்திருந்தேன். மின்கழிவுக்கு நம் நாட்டில் தனி விதிகள் 2012 மே மாதம்தான் அமலுக்கு வந்தன. அதன் பிறகே பதிவு பெற்ற ஒருவரிடம் ஒப்படைக்க முடிந்தது. 2023 ஏப்ரலிலிருந்து அமலில் இருக்கும் புதிய விதிகளின்படி, ஆயிரம் கருவிகளுக்கு மேல் வைத்திருக்கும் பெரிய அலுவலகங்கள் தங்கள் மின்கழிவைப் பதிவு பெற்ற மறுசுழற்சியாளர், புதுப்பிப்பவர் போன்றவர்களிடம்தான் கொடுக்க வேண்டும். பெரிய கம்பெனி கம்ப்யூட்டர் லாட் என்று யாராவது உங்களைக் கூப்பிட்டால், பதிவுச் சான்று எங்கே என்று முதலில் கேளுங்கள்.

டிஸ்க்குகளுக்கு டி.பி.ஏ.என். என்ற மென்பொருளை சி.டி.யிலிருந்து பூட் செய்து ஒவ்வொன்றாகப் போட்டேன். மூன்றாம் எண் டிஸ்க்கைக் கடைசியில் வைத்திருந்தேன். கல்வி அலுவலகத்தில் கையெழுத்து வாங்கிய அன்று இரவு, என் கம்ப்யூட்டரில் இருந்த முகவரி ஃபைலையும் மீட்டெடுத்த மற்றவற்றையும் அழித்துவிட்டு, அதையும் மாட்டினேன். 20 ஜி.பி. டிஸ்க். ஓட விட்டுவிட்டுப் படுத்தேன். காலையில் முடிந்திருந்தது.